மாடிப்படியில் அமர்ந்திருக்கும் பெண்: ‘நம்மேஉய் யோரும்பாம்’ (2019) திரைப்பட விமர்சனம்

இரவு நேரம். கீழ்க்கூடத்தில் தாத்தா விளக்கை முழுதும் ஏற்றாமல் தனியாக அமர்ந்து பழைய பாட்டு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மாடியிலிருந்து இறங்கி வந்த பேத்தி அதைக் கண்டு பாதிப் படியிலேயே நின்றுவிடுகிறாள். கீழே வந்தால் அவர் தனிமையைக் கலைத்துவிடுவோம் என்று தோன்றியிருக்க வேண்டும். திரும்பிப் போகவும் மனமில்லை. படியிலேயே அமர்ந்து அந்தப் பாட்டை அவரோடு, அவர் அறியாமல், கேட்கிறாள். யூன் தான்பி இயக்கிய ‘நம்மேஉய் யோரும்பாம்’ என்ற கொரியப் படத்தை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் இந்த இடத்தில் எனக்கு மூச்சு சற்று நின்று வந்தது. ஒருவரையொருவர் தொடாமல், பேசாமல், ஏன், பார்த்துக்கொள்ளக்கூட இல்லாமல் இரண்டு பேர் உறவாகிவிட முடியும் என்பதை இவ்வளவு எளிமையாகக் காட்டிய காட்சி என் நினைவில் வேறில்லை.

முதலில் தலைப்பைப் பற்றி ஒரு சொல். ‘நம்மே’ என்னும் கொரியச் சொல் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக உடன்பிறந்தவர்களைக் குறிக்கிறது. அக்காவும் தம்பியும் நம்மேதான். அண்ணனும் தங்கையும் நம்மேதான். தமிழில் இதற்கு நேரான ஒற்றைச் சொல் இல்லாததால் ‘உடன்பிறந்தாரின் கோடை இரவு’ என்று சொல்லி நிறைவடைய வேண்டியிருக்கிறது. வெளிநாடுகளில் இப்படம் ‘மூவிங் ஆன்’ என்ற ஆங்கிலப் பெயரில் திரையிடப்பட்டது. இடம்பெயர்தல், கடந்து போதல் என்ற இரு பொருளையும் அப்பெயர் சுமந்தாலும், கொரியத் தலைப்பு சொல்லும் முக்கியமான செய்தியை அது இழந்துவிடுகிறது. இந்தப் படத்தில் ஒரு நம்மே இல்லை, இரண்டு நம்மேக்கள் இருக்கின்றன. ஓக்ஜு என்னும் பதின்பருவப் பெண்ணும் அவள் தம்பி தோங்ஜுவும் ஒரு இணை; அவர்களுடைய அப்பா பியோங்கியும் அத்தை மிஜோங்கும் இன்னோர் இணை. பிள்ளைகளின் இன்றும் பெரியவர்களின் அன்றும் ஒரே கூரையின் கீழ் ஒரு கோடை முழுவதும் அருகருகே கிடக்கின்றன. தலைப்பை அறிந்து பார்ப்பவருக்குப் படம் இரண்டு மடங்காக விரிகிறது.

கதை என்று சொல்லத் தொடங்கினால் நான்கு வரிகளில் முடிந்துவிடும். மனைவியைப் பிரிந்த பியோங்கி, குடியிருந்த அரைநிலவறை வீட்டைக் காலிசெய்துவிட்டு, பள்ளிக் கோடை விடுமுறையில் தன் இரு பிள்ளைகளுடன் தந்தையின் பழைய இரண்டடுக்கு வீட்டுக்கு வந்து சேர்கிறார். கணவருடன் வாழ முடியாத மிஜோங்கும் சில நாட்களில் அங்கேயே வந்துவிடுகிறார். தாத்தாவின் உடல் நாளுக்கு நாள் தளர்கிறது. அவரை முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பதையும் வீட்டை விற்பதையும் பற்றிப் பெரியவர்கள் பேசத் தொடங்குகிறார்கள். கோடை முடிவதற்குள் தாத்தா இறந்துபோகிறார். இந்தப் படத்தின் கடைசிக் காட்சியைச் சொல்லாமல் அதன் பெருமையை என்னால் எடுத்துரைக்க இயலாது. ஆகவே முடிவை அறியாமல் பார்க்க விரும்புவோர் இங்கேயே நிறுத்திக்கொண்டு, படத்தைப் பார்த்த பிறகு மீதியைப் படிக்கலாம்.

குடும்பம் உடைவதைப் பற்றிய படங்கள் பெரும்பாலும் உடையும் கணத்தையே காட்ட விரும்புகின்றன. கத்தலும், உடையும் பாத்திரமும், அறைந்து சாத்தப்படும் கதவும், நீதிமன்றப் படிக்கட்டும் அவற்றின் உச்சங்களாக அமைந்துவிடும். யூன் தான்பி இவை எதையும் காட்டவில்லை. படம் தொடங்கும்போதே அந்தக் குடும்பம் உடைந்து நாளாகிவிட்டது. ஏன் பிரிந்தார்கள், யார்மீது தவறு என்பதை ஒருவரும் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை. உடைந்த பிறகு ஒரு பிள்ளையின் நடத்தையில் அந்த உடைவு எங்கெங்கே போய் ஒட்டிக்கொள்கிறது என்பதே இயக்குநரின் அக்கறை. இதுவே இப்படத்தின் தனிச்சிறப்பு என்று நான் கருதுகிறேன். பிரிவின் வலி பெரியவர்களிடம் பேச்சாகவும் குடியாகவும் வெளியேறிவிடுகிறது. பிள்ளைகளிடம் அதற்கு வழி இல்லாததால் வேறு பெயர்களில், வேறு பொருள்களில், தொடர்பே இல்லாததுபோலத் தோன்றும் சின்னஞ்சிறு பிடிவாதங்களில் அது தங்கிவிடுகிறது.

ஓக்ஜுவின் கொசுவலையை எடுத்துக்கொள்வோம். தாத்தா வீட்டின் மேல்மாடி அறையில் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துக் கொசுவலைக்குள் படுத்துக்கொள்கிறாள். தம்பி உள்ளே வர ஆசைப்படுகிறான், விடமாட்டேன் என்கிறாள். எந்த வீட்டிலும் அக்கா தம்பிக்குள் நடக்கும் சண்டைதானே என்று முதலில் நாம் புன்னகைக்கிறோம். சற்று நேரம் கழித்தே உறைக்கிறது: இருந்த வீட்டை இழந்து வந்த பெண் அவள். வந்த இடமும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது. காற்றில் ஆடும் மெல்லிய வலைக்குள் இருக்கும் அந்தச் சிறு சதுரம் மட்டுமே அவள் விருப்பப்படி திறக்கவும் மூடவும் கூடியது. அத்தை வந்ததும் அத்தைக்கு அதில் இடம் கிடைக்கிறது. யாரை உள்ளே விடுவது என்று முடிவெடுக்கும் உரிமையை அவள் எவ்வளவு கவனமாகச் செலவழிக்கிறாள் என்பதைப் பார்க்கும்போது, அந்த உரிமை அவளுக்கு வேறெங்கும் இல்லை என்பது விளங்குகிறது.

அம்மாவைப் பற்றிய பேச்சு படத்தில் மிகக் குறைவு. அம்மாவைச் சந்திக்கத் தம்பி ஆவலாக இருக்கிறான். அக்கா மறுக்கிறாள், தம்பி போவதையும் தடுக்கப் பார்க்கிறாள். அவன் போய்ப் பார்த்துவிட்டு, அம்மா கொடுத்த பரிசோடு திரும்பி வரும்போது ஓக்ஜுவிடம் எழும் சினம் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. அதுவரை அமைதியாக இருந்த பெண் சிறுவனான தம்பியை அடித்தேவிடுகிறாள். அவனோ அம்மாவைப் பார்த்தான், மகிழ்ந்தான், அக்காவுக்கும் சேர்த்து வாங்கி வந்தான்; அதில் என்ன குற்றம் என்று அவனுக்குப் புரியவில்லை. இந்தக் காட்சியில் இயக்குநர் இருவருக்குமே நியாயம் வைத்திருக்கிறார். தம்பிக்கு அம்மா வேண்டும், அவ்வளவே. அக்காவுக்கும் அம்மா வேண்டும். ஆனால் விட்டுப்போனவரிடம் நாமே தேடிப் போனால், விட்டுப்போனது சரி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற கணக்கு அவள் மனத்தில் ஓடுகிறது. வயதால் சில ஆண்டுகளே இடைவெளி. அந்தச் சில ஆண்டுகள்தாம் ஒருவனை ஆசைப்பட அனுமதிக்கின்றன, மற்றவளை மானம் பார்க்க வைக்கின்றன. பிரிந்த பெற்றோரின் பிள்ளைகளில் மூத்தது ஒருவகையாகவும் இளையது ஒருவகையாகவும் காயப்படுவதை, ஒரே வீட்டில் வளர்ந்தும் அவர்கள் இரு வேறு குடும்பங்களை நினைவில் வைத்திருப்பதை, இதைவிடத் துல்லியமாக யாரும் படமாக்கி நான் பார்த்ததில்லை.

காலணிகளின் கதை இன்னும் நுட்பமானது. பியோங்கி ஒரு சிறு வேனில் காலணிகளை ஏற்றிச் சென்று தெருவோரம் நிறுத்தி விற்பவர். கொரியாவில் டமாஸ் என்று அழைக்கப்படும் அந்தக் குட்டி வேன், நம் ஊர் மாருதி ஆம்னியைப் போலவே சுசுகியின் பழைய வேன் வடிவமைப்பிலிருந்து பிறந்தது. சிறு வணிகர்களின் வண்டி என்ற பெயரும் இரண்டுக்கும் பொருந்தும். அவர் விற்பவை பெரிய நிறுவனக் காலணிகளைப் போலவே செய்யப்பட்ட போலிகள். ஓக்ஜுவுக்குத் தன் முகம் பிடிக்கவில்லை. கொரிய இளம்பெண்களிடையே பரவலாக இருக்கும், கண்ணிமையில் மடிப்பு உண்டாக்கும் இரட்டை இமை அறுவைச் சிகிச்சையைச் செய்துகொள்ள வேண்டும் என்று அப்பாவிடம் பணம் கேட்கிறாள். அப்பாவிடம் பணமும் இல்லை, அந்த வேண்டுகோளின் கனத்தை உணரும் மனநிலையும் இல்லை. ஆகவே அவருடைய காலணி ஒன்றை எடுத்து விற்கப் போகிறாள். வாங்க வந்தவர் அது போலி என்று கண்டுகொள்ள, விவகாரம் காவல் நிலையம் வரை போகிறது. தான் விரும்பும் பையனுக்கு அவள் ஆசையாகப் பரிசளித்ததும் அதே காலணிகளில் ஒரு சோடிதான். தான் கொடுத்த அன்பளிப்பே போலி என்று அறியும் பெண்ணின் அவமானத்தை நினைத்துப் பாருங்கள். அப்பா பொய்யர் என்பதைவிட, அப்பாவின் பொய் தன் கைவழியாகத் தன் முதற்காதலுக்குள்ளும் போய்விட்டது என்பது எவ்வளவு ஆழமாகச் சுடும்!

பிறகு வீட்டை விற்கும் பேச்சு வரும்போது, தாத்தா உயிரோடிருக்க அவர் வீட்டை இப்படி விற்கலாமா என்று ஓக்ஜு அப்பாவை நேருக்கு நேர் கேட்கிறாள். காலணியை அவள் எடுத்து விற்றதும், வீட்டை அவர் விற்க முனைவதும் அந்த வாக்குவாதத்தில் ஒன்றோடொன்று மோதுகின்றன. இந்தப் படத்தின் அச்சாணி இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஓக்ஜு கேட்பது சொத்தைப் பற்றி அல்ல. கேட்காமல் எடுப்பது பற்றி. பெற்றோர் பிரியும்போது அவளை யாரும் கேட்கவில்லை. வீடு மாறும்போது கேட்கவில்லை. இப்போது தாத்தாவையும் கேட்கவில்லை. தன்னைப் போலவே கேட்கப்படாத இன்னொருவரை அவள் அந்த வீட்டில் கண்டுகொண்டுவிட்டாள். மாடிப்படியில் அமர்ந்து பாட்டுக் கேட்ட அந்த இரவின் பொருள் அப்போது முழுமையாகிறது. குடும்பத்தின் மிக மூத்தவரும் மிக இளையவர்களும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். முடிவுகள் எல்லாம் நடுவயதினரின் கைகளில் இருக்கின்றன.

நடுவயதினரை இயக்குநர் கொடியவர்களாக ஆக்கிவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பியோங்கியாக நடித்திருக்கும் யாங் ஹியுங்ஜு, தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரு நல்ல மனிதரை நம் முன் நிறுத்துகிறார். பிள்ளைகளிடம் குரல் உயர்த்தாதவர், தந்தையைப் பேணுபவர், ஆனால் எந்தக் கடினமான உரையாடலையும் நாளைக்குத் தள்ளிவைப்பவர். பார்க் ஹியோன்யோங் நடித்த மிஜோங் அத்தை எனக்கு மிகவும் நெருக்கமானார். ‘கோமோ’ என்று கொரியப் பிள்ளைகள் அழைக்கும் அப்பாவின் உடன்பிறந்தாளை ஆங்கில வசன வரிகள் பொதுவான ‘ஆன்ட்டி’யாக ஆக்கிவிடுகின்றன, ‘அத்தை’ என்ற சொல் நம்மிடம் இருப்பதால் தமிழர்களுக்கு அந்த இழப்பு இல்லை. அத்தை என்றதும் நமக்குள் எழும் செல்லமும் உரிமையும் அப்படியே அங்கும் இருக்கின்றன. மணமாகிப் போன மகள் அந்நியள் என்று பொருள்படும் ‘சுல்கா வெயின்’ என்ற பழமொழி கொரியாவில் உண்டு. புகுந்த வீட்டைவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்பும் பெண்ணுக்கு நாம் வைத்திருக்கும் இரக்கமற்ற பெயரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. மிஜோங் திரும்பி வந்ததை இப்படம் ஒரு குற்றமாகவோ துயரக்கதையாகவோ தூக்கிக் காட்டாமல், கோடையில் மழை வந்ததுபோல இயல்பாக ஏற்றுக்கொள்கிறது. ஓர் இரவு அவருடைய கணவர் குடித்துவிட்டு வந்து வாசலில் நின்று கூச்சலிடும்போது மட்டும் அந்தத் திருமணத்துக்குள் என்ன இருந்திருக்கும் என்பது நமக்கு ஒரு கணம் தெரிந்து மறைகிறது. மாடியில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அந்தக் குரல் கேட்கத்தானே செய்யும்! ஒரு திருமணம் உடைந்த வீட்டிலிருந்து வந்த ஓக்ஜு, இன்னொரு திருமணம் உடையும் ஓசையைத் தாத்தா வீட்டிலும் கேட்கிறாள்.

இந்தக் குடும்பத்தைக் கொரியச் சமூகத்துக்குள் வைத்துப் பார்த்தால் சில செய்திகள் கூடுதலாகப் புலப்படும். 2008 தொடங்கும்வரை அங்கே ‘ஹோஜு’ என்ற குடும்பத்தலைவர் பதிவுமுறை நடைமுறையில் இருந்தது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைவரின், பெரும்பாலும் ஓர் ஆணின், கீழ்ப் பதிவு செய்யப்பட்டது. மணமுறிவு நேர்ந்தால் தாய் அப்பதிவிலிருந்து விலக, பிள்ளைகள் தந்தைவழிப் பதிவிலேயே நிற்பார்கள். தாயிடமே வளர்ந்தாலும் ஆவணத்தில் அந்தப் பிள்ளை தாயுடன் ‘சேர்ந்து வசிப்பவர்’ என்று மட்டுமே குறிக்கப்படும் நிலை இருந்தது. பெண்கள் அமைப்புகள் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2005 பிப்ரவரியில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் இம்முறை அரசியலமைப்புக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. 2008 ஜனவரி 1 முதல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியான குடும்ப உறவுப் பதிவேடு வந்தது. சட்டம் மாறினாலும் பழக்கம் உடனே மாறிவிடுமா? படத்தில் பிள்ளைகள் போய்ச் சேர்வது தந்தைவழித் தாத்தாவின் வீட்டில்தான், அம்மா வெளியே எங்கோ இருக்கிறார். இதை ஒரு குறையாகவோ முறையாகவோ யாரும் எடுத்துப் பேசுவதில்லை. அப்படித்தான் நடக்கும் என்பதுபோல நடக்கிறது. முதியோர் இல்லம் பற்றிய பேச்சும் அப்படியே. 2008 ஜூலையில் முதியோருக்கான நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு தென்கொரியாவில் தொடங்கப்பட்ட பிறகு, வயதான பெற்றோரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டக்கூடிய வழியாயிற்று. மூத்த மகன் வீட்டில் மருமகள் பேணுவாள் என்ற பழைய ஏற்பாடு குலைந்த சமூகத்தில், பியோங்கியும் மிஜோங்கும் தங்களுக்குள் தணிந்த குரலில் பேசும் பேச்சு எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான்.

அந்த வீட்டைப் பற்றி எழுதாமல் இப்படத்தின் விமர்சனம் நிறைவடையாது. சியோலை அடுத்த இஞ்சோன் நகரில் முதியவர்கள் உண்மையிலேயே குடியிருந்த ஒரு வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கிருந்த பொருள்களைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு படமாக்கியிருக்கிறார்கள். அதனால்தான் அலமாரியின் மீதுள்ள தூசியும், தேய்ந்த நாற்காலியும், தையல் இயந்திரமும் பொய் சொல்வதில்லை. மாடிப்படிக்கு நடுவே ஒரு கதவு இருக்கிறது. மேல்மாடியையும் கீழ்க்கூடத்தையும் பிரிக்கும் அந்தக் கதவு யார் எங்கே இருக்கிறார்கள், யாருக்கு யார் குரல் கேட்கும் என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது. வெளியே ஒரு சிறு தோட்டம். மிளகாயும் காய்களும் அதில் விளைகின்றன. முதல் நாள் எல்லோரும் சேர்ந்து உண்ணும் கோங்குக்சு, அதாவது அரைத்த சோயாவின் குளிர்ந்த சாற்றில் இட்ட நூடுல்ஸ், கொரியர்களின் கோடை உணவு. வெயிலின் புழுக்கமும் சில்வண்டின் இரைச்சலும் மின்விசிறியின் ஓசையும் படத்தின் பின்னணியில் ஓயாமல் ஒலிக்கின்றன. காமிரா அநேகமாக அசைவதில்லை. சாப்பாட்டு மேசையைச் சற்றுத் தள்ளி நின்று, வாசல் நிலையின் வழியாகப் பார்க்கிறது. உறவினர் வீட்டுக்கு முதன்முறை வந்தவர் உள்ளே நுழையத் தயங்கி நிற்பதுபோன்ற பார்வை அது. படம் முன்னேற முன்னேற அந்த வீட்டில் நாமும் வசிக்கத் தொடங்கிவிடுகிறோம். விற்கப்போகிறார்கள் என்று கேள்விப்படும்போது ஓக்ஜுவுக்கு வரும் கோபம் நமக்கும் வருவதற்கு இதுவே காரணம். 1970களிலும் 80களிலும் கட்டப்பட்ட இத்தகைய தனிவீடுகள் மறுகட்டுமானத் திட்டங்களால் இடிக்கப்பட்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளாகி வருவதை அறிந்தவர்களுக்கு அந்தக் கோபத்தோடு வேறொரு துக்கமும் சேரும்.

படத்தில் மீண்டும் மீண்டும் வரும் பாட்டு ‘மிர்யோன்’. கொரிய ராக் இசையின் முன்னோடி என்று போற்றப்படும் ஷின் ஜுங்ஹியோன் அமைத்தது. விட மனமில்லாத பற்று, தொலைந்துபோனதன் மீது ஒட்டிக்கொண்டிருக்கும் ஏக்கம் என்று ‘மிர்யோன்’ என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லலாம். ஒரே பாட்டை வெவ்வேறு பாடகர்களின் குரல்களில் படத்தின் வெவ்வேறு இடங்களில் ஒலிக்க விட்டிருக்கிறார் இயக்குநர். வேனில் சாமான்களோடு அவர்கள் நகரத்தைக் கடந்து போகும்போது ஒரு பெண் குரலில் வரும் பாட்டு, தாத்தாவின் இரவில் ஓர் ஆண் குரலில் திரும்பி வருகிறது. 1975இல் அன்றைய அரசால் ஷின் ஜுங்ஹியோனின் பாடல்கள் தடைசெய்யப்பட்டு அவர் சிறைக்கும் அனுப்பப்பட்டார் என்பது வரலாறு. தாத்தாவின் இளமைக்காலத்துப் பாட்டு அது. அவர் யாரை நினைத்துக் கேட்கிறார் என்பதைப் படம் சொல்வதில்லை. இறந்துபோன மனைவியையா, வேறெதையாவதா? நமக்குத் தெரியாது, பேத்திக்கும் தெரியாது. எதையோ இழந்தவர் என்பது மட்டும் அவளுக்குப் போதுமானதாக இருக்கிறது.

தாத்தாவாக நடித்திருக்கும் கிம் சாங்தோங் பேசும் சொற்களை எண்ணிவிடலாம். அவருடைய புன்னகை ஒன்றே அவ்வளவையும் பேசிவிடுகிறது. தோங்ஜுவாக வரும் பார்க் சியுங்ஜுன் குழந்தை நடிகர்களிடம் நாம் அஞ்சும் செயற்கைத்தனம் துளியும் இல்லாதவன். பெரியவர்கள் வாடியிருக்கும்போது ஆடிக்காட்டிச் சிரிக்க வைக்கும் அந்தப் பையனைப் பார்த்து நாமும் சிரிக்கிறோம். வீட்டிலுள்ள எல்லோர் முகத்தையும் பார்த்து அதற்கேற்ப நடந்துகொள்ளும் பழக்கம் ஒரு சிறுவனுக்கு எப்படி வந்தது என்று பிறகுதான் யோசிக்கிறோம். ஓக்ஜுவாகப் படத்தைத் தாங்கியிருப்பவர் சோய் ஜங்உன். முகத்தில் எதையும் காட்டாமல் இருக்க முயலும் பெண்ணின் முகத்தில் எல்லாவற்றையும் காட்ட வேண்டிய கடினமான பணி அவருக்கு. அதை அவர் நிறைவேற்றியிருக்கும் விதத்தை எத்தனை பாராட்டினாலும் தகும்.

குறைகளும் உண்டு. ஓக்ஜுவின் காதலன் படத்தில் ஒரு பாத்திரமாக வளரவே இல்லை. அவளுடைய ஏமாற்றத்துக்கு ஒரு காரணமாக வந்து போகிறான். அம்மாவைப் படம் தொலைவிலேயே நிறுத்தி வைப்பதன் கலைநியாயம் எனக்குப் புரிகிறது, பிள்ளையின் பார்வையிலிருந்து சொல்லப்படும் கதையில் அம்மா வெற்றிடமாகத்தான் இருப்பார். ஆயினும், பிரிந்துபோன தந்தையைவிடப் பிரிந்துபோன தாயைச் சமூகம் கடுமையாக எடைபோடும் என்று அறிந்த ஒரு படைப்பாளி, அவருக்கும் ஒரு சொல் பேச இடம் தந்திருக்கலாம். பியோங்கியிடமும் படம் சற்று அதிகமாகவே கனிவு காட்டுகிறது. போலிகளை விற்றுப் பிழைப்பதன் பின்விளைவு மகளின் தலையில் விழுந்தபோது அவர் அதற்குப் பொறுப்பேற்கும் ஒரு கணத்தை எதிர்பார்த்தேன், கிடைக்கவில்லை. ஒருவேளை அது கிடைக்காததே ஓக்ஜுவின் அனுபவம் என்று இயக்குநர் நினைத்திருக்கலாம். ஏறக்குறைய ஒரு மணி முக்கால் நேரம் ஓடும் இப்படம் மெதுவாக நகர்வது; விரைவான திருப்பங்களை எதிர்பார்ப்பவர் முதல் அரைமணி நேரத்தில் பொறுமையிழக்கக்கூடும். அவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது ஒன்றுதான்: கைப்பேசியைத் தள்ளிவைத்துவிட்டு, சத்தமில்லாத ஓர் இரவில் பாருங்கள். இந்தப் படத்தில் பாதி காதால் பார்க்க வேண்டியது.

1990இல் பிறந்த யூன் தான்பிக்கு இது முதல் முழுநீளப் படம் என்பதை நம்பக் கடினமாக இருக்கிறது. 2019 பூசான் திரைப்பட விழாவில், ஆசியத் திரைப்படங்களை ஊக்குவிக்கும் அமைப்பான நெட்பாக்கின் விருது உட்பட நான்கு விருதுகளைப் பெற்று, 2020இல் ராட்டர்டாம் விழாவில் ‘பிரைட் ஃபியூச்சர்’ விருதையும் வென்றது. கொரியத் திரையரங்குகளில் 2020 ஆகஸ்டில், பெருந்தொற்றுக் காலத்தின் நடுவே வெளியாயிற்று. அந்த ஆண்டுகளில் கொரியச் சுயாதீனத் திரைப்படத் துறையில் பெண் இயக்குநர்களின் முதல் படங்கள் அடுத்தடுத்து வந்து, குடும்பத்தைப் பிள்ளைகளின், குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் கண்களால் பார்க்கக் கற்றுக்கொடுத்தன. அவற்றுள் குரலை மிகத் தாழ்த்திப் பேசிய படம் இதுவே.

ஓர் இரவில் தாத்தாவின் மரணச் செய்தி வருகிறது. இறுதிச்சடங்குக் கூடத்தில் குடும்பம் கூடுகிறது. அங்கே அம்மா வருகிறார். எல்லோரும் ஒரு மேசையில் அமர்ந்து உண்கிறார்கள், பிரிவதற்கு முன் இருந்த குடும்பம்போலவே. அது நடந்ததா, ஓக்ஜு கண்டதா என்பதைப் படம் கோடு கிழித்துக் காட்டவில்லை. கனவென்றே நான் கொள்கிறேன். எப்படியானாலும், தன் தம்பியை அடித்துத் தடுத்த பெண்ணின் மனத்தில் அந்த மேசை இத்தனை நாளும் விரித்தபடியே இருந்திருக்கிறது என்பதை அந்தக் காட்சி சொல்லிவிடுகிறது.

அதன் பிறகு வீடு திரும்புகிறார்கள். தாத்தா இல்லாத வீட்டில் வழக்கம்போலச் சாப்பிட அமர்கிறார்கள். உண்டுகொண்டிருக்கும்போதே ஓக்ஜு உடைந்து அழத் தொடங்குகிறாள். எழுந்து மாடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டும் அழுகை நிற்கவில்லை. குரல் விட்டு, மூச்சு வாங்கி, ஒரு சிறு குழந்தை அழுவதுபோல அழுகிறாள். நம் ஊர்ச் சாவு வீடுகளில் ஒப்பாரி வைக்கும் பெண்கள், இறந்தவரைச் சொல்லித் தொடங்கி இடையில் தங்கள் சொந்தத் துக்கத்துக்குள் போய்விடுவதைக் கேட்டிருக்கிறோம். வெளியே சொல்ல இடமில்லாத துயரங்களுக்கெல்லாம் ஒரு மரணம் வாசல் திறந்துவிடுகிறது. ஓக்ஜுவும் தாத்தாவுக்காகத்தான் அழுகிறாள், அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு கோடை மட்டும் உடனிருந்த தாத்தாவுக்காக மட்டும் அவ்வளவு கண்ணீர் வருமா? அம்மா போனபோது அழாத அழுகை, வீட்டைக் காலிசெய்தபோது அழாத அழுகை, காவல் நிலையத்தில் அழாத அழுகை எல்லாம் வரிசையில் காத்திருந்து இப்போது ஒன்றாக வருகின்றன. யாரும் காரணம் கேட்க முடியாத நேரம் இதுதான் என்று அவள் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது.

அவள் அழுது ஓய்கிறாள். காமிரா அந்த வீட்டின் அறைகளையும் மாடிப்படியையும் கூடத்தையும், யாருமில்லாமல், நின்று பார்க்கிறது. பிறகு ‘மிர்யோன்’ மறுபடியும் வருகிறது, இம்முறை வேறொரு பெண்ணின் குரலில்.